சீமாட்டியின் கூறை

என் தம்பி சந்தியோகு கடலுக்குப் போனால் சந்தியோகு. நாரந்தனைக் கோயில் திருநாளில் கூத்து ஏறினால் பெலீசியா சீமாட்டி. மீசையை மழித்து, முகத்துக்கு வெள்ளை பூசி வந்து நின்றானென்றால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. மற்ற நாட்களிலும் ஊர் அவனைச் சீமாட்டி என்றுதான் கூப்பிட்டது. அவனுக்கும் அதில் பெருமை, வெட்கங்கெட்டவன்.

கூத்தின் கதை இதுதான்: ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு சிற்றரசு. பிரபு போரில் மாண்டுபோக, சீமாட்டியே நாட்டை ஆளுகிறாள். நாட்டை விழுங்கலாமென்று பக்கத்துப் பிரபுக்கள் பெண் கேட்டு வருகிறார்கள். அவள் சபை நடுவே தன் கலியாணக் கூறைச் சேலையைக் கிழித்து, இனி எனக்கு மறுமாலை இல்லையென்று சத்தியம் பண்ணிச் சிங்காசனம் ஏறுகிறாள். ஐரோப்பாவில் கூறை ஏது என்று கேட்காதீர்கள். கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவியார் பஸ்ரியாம்பிள்ளைக்குக் கூறையில்லாத கலியாணம் கலியாணமே இல்லை.

அந்தக் கூறை என் மச்சாள், தம்பியின் பெண்சாதி கிறேசம்மாவுடையது. பெண்வேடக்காரன் தன் பெண்சாதியின் சேலையைத்தான் உடுக்க வேண்டும். அவளிடம் பட்டுச் சேலையென்று இருந்தது அது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் கூறையைக் கலியாணத்துக்கு உடுத்து மடித்து வைப்பார்கள். பிறகு சவப்பெட்டியில் கிடத்தும்போதுதான் உடுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் கொடுக்கும்போது அவள் ஒன்றையே சொல்வாள்.

"கிழிச்சுப்போடாதேங்கோ. நான் போற அண்டைக்கு உடுத்த வேறை இல்லை."

"எனக்குத் தெரியாதே?" என்பான் இவன். கிழிப்பதற்கென்று சாயம் போட்ட பழைய வேட்டித் துண்டொன்றைத் தோளில் செருகிக்கொள்வான்.

அந்த வருடம் சரவணையிலிருந்தும் மண்கும்பானிலிருந்தும் சனம் வந்திருந்தது. விடியும் நேரம் சத்தியக் கட்டம். துண்டைப் பிடித்து இழுத்தான். அது கிழியாமல் முழுசாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. சனம் கொல்லென்று சிரித்தது. "சீமாட்டிக்கு மீசை முளைக்குது!" என்று ஒருவன் கத்தினான். தம்பிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. கூறையின் முந்தானையையே பிடித்து ஒரே இழுவையில் கிழித்துச் சத்தியம் பண்ணினான்.

சிரித்த சனமெல்லாம் அழுதது. எனக்குப் பக்கத்தில் பாயில் இருந்த கிறேசம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் ஏசியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவளோ ஒரு வார்த்தை ஏசவில்லை. "பட்டணத்திலை புதுக்கூறை வாங்கித் தாறன்" என்று அவன் கெஞ்சினான். "அது நீங்கள் எனக்குக் கோயில்லை தந்த கூறையாகுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

மாரியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கசாயத்துக்கும் கேட்கவில்லை, நேர்த்திக்கடனுக்கும் கேட்கவில்லை. பாவி, பிள்ளைகூடப் பெறாமல் போய்விட்டாள்.

அவளுக்கு உடுத்திவிடுவதற்காக நான் பெட்டகத்தைத் திறந்தேன். கூறை மேலேயே இருந்தது. கிழிசலின் பெரும்பகுதியை, யாருக்கும் தெரியாமல், பொடித்தையலாகத் தைத்திருந்தாள். ஒரு சாண் மிச்சம். ஊசி அதிலேயே குத்தியபடி இருந்தது. நான் ஐயோவென்று குழறிவிட்டேன்.

மிச்சத்தை நான் தைக்கப் போனேன். தம்பி வந்து ஊசியை வாங்கிக்கொண்டான். அவள் காலடியில் குந்தியிருந்து, கிழிந்த வலை பொத்துகிற முரட்டு விரல்களால், வலைக்குப் போடும் முடிச்சாகவே போட்டு முடித்தான். துக்கமணி அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தையல் தோளில் தெரியத்தான் அவளை அடக்கம் பண்ணச் சேமக்காலைக்குக் கொண்டுபோனோம்.

ஆண்டுத் திவசம் முடிந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. மண்கும்பானில் அவனுக்கு ஒரு நல்ல பெண்பிள்ளையைப் பார்த்துவிட்டு, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவனிடம் போய்ச் சொன்னேன்.

"ஏலாது, அக்கா. மறுமாலை இல்லையெண்டு ஊரறியச் சத்தியம் பண்ணினனான்."

"அட விசரா, அது கூத்தெல்லோ!"

"ஓம், கூத்துத்தான்," என்றான். "கூறை அவளின்ரையெல்லோ, அக்கா."

ஊரையே வாயால் அடக்குகிறவள் நான். அன்றைக்கு வலையின் மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.