சகாயமேரி கட்டிய சிவப்பு டேக்

ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில் எங்கள் கம்பெனி ஆட்களுக்கு மட்டும் எப்போதும் தாராளமாக இடம் கிடைக்கும். மரியாதை எல்லாம் இல்லை, நாற்றம். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் கார் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், போன் செய்கிறார்கள். நாங்கள் இறாலுக்குத் தீனி செய்கிறோம். மீன்தூள் வாசனை சட்டையோடு வீடு வரைக்கும் வரும், எந்த சோப்புக்கும் மசியாது. பக்கத்தில் உட்காரும் கார் கம்பெனிக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கம்பியோடு ஒட்டிக்கொள்வார். டெனிசன் அண்ணன் ஓட்டும் ஆட்டோவில் மட்டும் முகம் சுளித்தால் இறக்கி விட்டுவிடுவார். அவர் மனைவி சகாயமேரியும் எங்கள் கம்பெனிதான்.

நான் புருஷோத்தமன், டெஸ்பாட்ச் கிளார்க். லாரிக்குச் சீட்டுப் போடுவது என் வேலை. மேரியக்கா தரம் பார்க்கிற லேபில் ஹெல்பர், வயது நாற்பத்து நான்கு, பத்து வருஷமாகக் கான்ட்ராக்ட். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பிடி தீனியை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு இரண்டு மணி நேரம் பார்ப்பார். கரைந்து கூழானால் இறால் தின்ன முடியாது. பிறகு அளவு, நிறம், ஈரம். எல்லாம் சரியென்றால் சாம்பிள் பாட்டிலில் ‘ச.மே.’ என்று எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். அந்த இரண்டு எழுத்து விழுந்தால்தான் மூட்டை வெளியே போகும்.

கையெழுத்து விஷயத்தில் அவர் பெரிய பிடிவாதக்காரி. அதற்குக் காரணம் உண்டு. பிளஸ் டூ முடித்ததும் ஒரு சின்ன ஒயரிங் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தார். ஒருநாள் எல்லோருக்கும் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். எல்லோரும் போட்டார்கள், இவரும் போட்டார். ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விடுகிறேன்’ என்று அதில் இருந்தது மறுநாள் கேட்டில் நிறுத்தப்பட்டபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து கேன்டீன் டோக்கன் வாங்குவதற்குக்கூட முழுதாகப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். வரிசையில் பின்னால் நிற்கும் எங்களுக்கு எரிச்சலாக வரும். “அக்கா, சாம்பார் சாதம்தான், சொத்து எழுதித் தரல” என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விட்ட காலை. மரக்காணம் பக்கத்திலிருந்து நம்பிராஜன் என்கிற இறால் வளர்ப்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு கேட்டில் வந்து நின்றார். திண்டிவனம் வந்து, பஸ் மாறி, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். லேப் ஆபீசர் லீவு. செக்யூரிட்டி அவரை மேரியக்காவிடம் அனுப்பினார்.

வாளியில் இருந்தவை கைவிரல் நீள இறால்கள். பாதி செத்து, பாதி சாகிற நிலை. அக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டுக்கு அடியில், மடிப்பு மடிப்பாக, கரி பூசினதுபோல் கறுப்பு. செவுளிலும் அதே கறுப்பு.

“தண்ணி டெஸ்ட் பண்ணேன். சுண்ணாம்பு போட்டேன், மருந்து போட்டேன்” என்றார் நம்பிராஜன். “ஓடு கழட்டும்போது படற காயம் ஆறவே மாட்டேங்குது. மூணு குட்டைல ஒரு குட்டை முழுசா போய்ட்ச்சி. தார்ப்பாய் விரிச்ச குட்டைம்மா. அதுல பாசி இல்ல, புழு இல்ல. நீங்க குடுக்கறதத்தான் துன்னுது.”

புரொடக்‌ஷன் மேனேஜர் சண்முகசுந்தரம் வந்து வாளியை எட்டி ஒரு பார்வை பார்த்தார். “மழை பெஞ்சு தண்ணி கெட்டிருக்கும். போய்த் தண்ணிய மாத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருபது வினாடிகூட இருக்காது. நம்பிராஜன் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். லாரிச் சீட்டோடு அங்கே நின்றிருந்த நானும் வழி விட்டு ஒதுங்கினேன்.

அக்கா பின்னாலேயே ஓடி, அவர் வாங்கின தீனி மூட்டையின் லாட் நம்பரையும் அவர் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். பீரோவைத் திறந்து பார்த்தால் பாட்டிலில் ‘ச.மே.’

அங்கிருந்து நேராக எண்ணெய் தெளிக்கும் டிரம் இருக்கும் ஷெட்டுக்குப் போனார். தீனியை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, கடைசியாக அந்த டிரம்மில் உருட்டும்போதுதான் எண்ணெயோடு வைட்டமின் சி-யைத் தெளிக்க வேண்டும். சூடு பட்டால் அது அழிந்துவிடும். இறால் உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்ளாது. அது இல்லையென்றால் காயம் ஆறாது, எந்தக் கிருமி வந்தாலும் தாங்காது. ட்ரெயினிங்கில் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். கேட்டுவிட்டு பஜ்ஜி சாப்பிடப் போனோம்.

டிரம்மின் மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. கைப்பிடியில் யாரோ சாப்பாட்டுப் பையை மாட்டியிருந்தார்கள். மோட்டார் எரிந்து இரண்டு மாதம் ஆகிறதாம். டன் கணக்கு குறையக்கூடாது என்று வைட்டமினை முதலிலேயே மாவோடு கொட்டி, ஆவியில் வேகவைத்து அனுப்பியிருக்கிறார்கள். லாக் புத்தகத்தில் மட்டும் தினமும் ‘தெளித்தது’ என்று டிக் விழுந்திருந்தது. நிறம் மாறவில்லை, வாசனை மாறவில்லை, டம்ளர் தண்ணீரில் கரையவும் இல்லை. எங்கள் லேபில் வைட்டமினைச் சோதிக்கக் கருவி கிடையாது. அக்கா பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, சத்து செத்த தீனிக்கு இரண்டு மாதமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நான் லாரிச் சீட்டோடு கோடவுனுக்குள் போனபோது அவர் மூட்டை அடுக்குகளில் சிவப்பு அட்டை டேக் கட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து அடுக்கு, அறுநூறு மூட்டை. டேக்கில் இரண்டே இரண்டு கட்டம். காரணம்: சத்து இல்லை. நிறுத்தியவர்: சகாயமேரி. இந்தத் தடவை ‘ச.மே.’ இல்லை, முழுப் பெயர்.

சிவப்பு டேக்குக்கு ஒரு சட்டம் உண்டு. கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். அதுவரை மூட்டை அசையக்கூடாது. வருஷா வருஷம் படம் போட்டுச் சொல்வார்கள்.

“அக்கா, ரெண்டு லாரி வெளிய நிக்கிது. மாசக் கடைசில உங்க கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். நாளைக்கு ஆபீசர் வந்து பாத்துக்குவாரு, வுடுங்க” என்றேன்.

“நாளைக்கு இது எங்க இருக்கும் புருஷு? எவனோ ஒருத்தன் குட்டைல இருக்கும்.”

சண்முகசுந்தரம் வந்தார். முதலில் தணிந்த குரலில் பேசினார். நோய்க்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்றார், வைரஸ் என்றார், கடலோரக் காற்று என்றார்.

அக்கா கேட்டார், “சார், வூட்ல எலுமிச்ச ரசம் வெப்பாங்களா?”

“என்ன கேள்வி இது?”

“சாறு எப்ப புழிவாங்க? அடுப்புல கொதிக்கறப்பவா, எறக்குன பொறவா?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“என் வூட்டு ரசத்துக்குத் தெரிஞ்ச விசயம் நம்ம மிக்சருக்குத் தெரியல சார். நம்பிராஜன் அண்ணன் எறால் வைரஸ்ல கூட செத்திருக்கும். எனக்குத் தெரியாது. தெரியாததுக்குத்தான் இந்த டேக்கு.”

“மேரி, நீ கான்ட்ராக்ட். அது ஞாபகம் இருக்கா?”

“இருக்குது சார். டேக்ல அத எழுத எடம் இல்ல. பேருக்கு மட்டும்தான் எடம் வுட்டுக்கிறாங்க.”

அவர் முகம் கறுத்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். “புருஷோத்தமா, அறுத்துப் போடு.”

இதைத் திரித்து எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். சீட்டுக் கட்டைப் பிரிக்க என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிளேடு இருக்கும். அதை எடுத்து முதல் அடுக்கின் டேக் கயிற்றை அறுத்தேன். அக்கா என்னைத் திட்டவில்லை. கீழே விழுந்த டேக்கை எடுத்தார், அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டார், அதே இடத்தில் மறுபடி கட்டினார்.

“சுப்பிரமணி, தூக்கு” என்றார் மேனேஜர்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சுப்பிரமணி வண்டியை அணைத்துவிட்டு, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். “ரெட் டேக் கீது சார். தூக்கக்கூடாதுன்னு நீங்கதானே ட்ரெயினிங் குடுத்தீங்க? எனக்குப் பரிட்சை வேற வெச்சீங்க. அதுல நான் பாஸு.”

மேனேஜர் ஹெட் ஆபீசுக்குப் போன் போடத் திரும்பினார். அதற்குள் அக்கா தன் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். நம்பிராஜன் திண்டிவனம் பஸ்சில் இருந்தார்.

“அண்ணே, தீனி கம்பெனிலேர்ந்து சகாயமேரி பேசறேன். மீதி ரெண்டு குட்டைக்கும் எங்க தீனிய இன்னியோட நிறுத்துங்க. வேற கம்பெனி தீனி போடுங்க. உங்க மூட்டைக்கு ஓகே போட்டது நான்தான். நான் போட்டது தப்பு.”

மறுமுனையில் பஸ் சத்தத்துக்கு நடுவே அவர், “இத்தனை நாள்ல ஒருத்தராவது சொன்னீங்களே” என்றார்.

அதற்கு மேல் மூடி மறைக்க வழியில்லை, வாடிக்கையாளர் காதுக்குப் போய்விட்டது. பீரோவில் இருந்த பாட்டில்கள் சென்னை லேபுக்குப் போயின. ஆறாம் நாள் ரிசல்ட் வந்தது. இரண்டு மாதத்துத் தீனியிலும் வைட்டமின் சி பேருக்குத்தான் இருந்தது. மறுநாளே டிரம்முக்குப் புது மோட்டார் வந்துவிட்டது. இரண்டு மாதம் வராத மோட்டார் ஒரே நாளில் எப்படி வந்தது என்று கேட்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. எண்ணெயும் வைட்டமினும் தெளித்து மறுபடி சோதிப்பதற்காக அறுநூறு மூட்டையையும் நகர்த்த வேண்டும். டேக்கை அவிழ்க்க அக்காவைக் கூப்பிட்டார்கள். பதினைந்தையும் அவரே அவிழ்த்தார். முடிச்சுப் போட்டிருந்த அந்த ஒன்றை மட்டும் யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

நம்பிராஜனின் இன்னொரு குட்டையும் பாதி போய்விட்டது. மூன்றாவதில் தீனி மாற்றியபின் இரண்டு தடவை ஓடு கழற்றின இறால்கள் தெளிவான ஓட்டோடு வந்தன என்று போட்டோ அனுப்பினார். அக்கா அதை எனக்கும் காட்டினார். அறுத்தவனுக்கு ஏன் காட்டினார் என்று தெரியவில்லை.

மாசக் கடைசியில் கான்ட்ராக்டைப் புதுப்பித்தார்கள். துரத்தினால் வெளியே போய்ப் பேசுவாரோ என்ற பயம்தான். ஆனால் லேபில் இல்லை, மூட்டை தைக்கும் லைனில். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும். “நல்லதுதான். என்னைத் தாண்டித்தானே எல்லா மூட்டையும் போவணும்” என்றார்.

நவம்பர், எங்கள் கம்பெனியில் தர மாதம். கேன்டீனில் கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய போர்டு மாட்டினார்கள். ‘பழுதான லாட்டை உரிய நேரத்தில் கண்டறிந்து தடுத்து நிறுத்தியமைக்காக, இவ்வாண்டின் தர வீரர்: திரு. சண்முகசுந்தரம்.’ போட்டோவில் அவர் கோட்டு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நூற்றிருபது பேர் அதைப் படித்தோம். படித்துவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

மேரியக்கா வழக்கம்போல் முழுதாகப் படித்தார். பையிலிருந்து அந்த டேக்கை எடுத்து, போர்டு தொங்குகிற ஆணியில் கட்டினார். சிவப்பு அட்டை மேனேஜரின் கோட்டுக்கு நேராக வந்து நின்றது. காரணம்: சத்து இல்லை. நிறுத்தியவர்: சகாயமேரி. பிறகு போய் சாம்பார் சாதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

சண்முகசுந்தரம் வந்து பார்த்தார். பக்கத்து மேஜையில் இருந்த சுப்பிரமணியைப் பார்த்து அதை எடுக்கச் சொன்னார். “கட்னவங்கதான் அவுக்கணும் சார்” என்றான் அவன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அவர் என்னைப் பார்த்தார். என் சட்டைப்பையில் பிளேடு இருந்தது, அது அவருக்கும் தெரியும். நான் இரண்டு கையாலும் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு, “ஆமா சார், அவங்கதான் அவுக்கணும்” என்றேன்.