கீரைக்குள் இருந்த மஞ்சள்

எழுபதுகளில் நான் பதுளையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் வாடகை அறையில் ஒரு டியூப் லைட் பகலிலும் எரியும். அதன் கீழே போத்தல்கள், அவற்றில் பச்சைப் பாசி. பதுளை மழையில் வெயிலை நம்பினால் பாசி வளராது என்று வெளிச்சத்தை நானே கொடுத்தேன். அந்தப் பச்சைக்குள் ஒரு மஞ்சள் நிறமி ஒளிந்திருக்கிறது. அது உடம்புக்குள் போனால் கண்ணுக்குச் சத்து. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் மாலைக்கண் வந்த பிள்ளைகளுக்கு அதைச் சொட்டு மருந்தாக்கிக் கொடுக்கப்போகிறேன் என்று கனவு. கனவுதான் பெரிது, கையில் இருந்தது பள்ளிக்கூடத்து ஸ்பிரிட்டும் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியும்.

அக்கா மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுத்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். நான் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் லயத்துக்குப் பின்னால் இருந்த சின்னப் பாத்தியில் கீரை பறித்து, வாழைநாரில் கட்டித் தருவாள்.

"டவுன்ல இப்பிடிக் கெடைக்காது. ஆக்கித் தின்னு தம்பி."

நான் தின்னவில்லை. எனக்குக் கடைச்சாப்பாடு. அந்தக் கீரையை அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, நிறங்கள் தனித்தனியாகப் பிரியும்படி வெண்கட்டியில் ஏறவிட்டு, கீரையின் மஞ்சளும் பாசியின் மஞ்சளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பேன். நின்றன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த அக்கா ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்து என்னோடு தங்கினாள். பொழுது சாயும்போது கரண்ட் போய்விட்டது. மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தவள் மேசையில் மோத, ஒரு போத்தல் விழுந்து உடைந்தது.

"பாத்து வரக்கூடாதா!" என்று சீறினேன்.

அவள் பதறிக் குனிந்து தரையைத் தடவினாள். கண்ணாடித் துண்டுகள் ஒரு பக்கம், அவள் கை இன்னொரு பக்கம். விளக்கோ பக்கத்திலேயே எரிந்தது.

"என்னாக்கா, தெரியலையா?"

"பொழுது போனா தெரிய மாட்டேங்குதுப்பா. கொஞ்ச நாளாவே இப்பிடித்தான். லயத்துல கரண்டா இருக்கு? எல்லாருந்தான் தடவிக்கிட்டுப் போறோம். அதான் நான் பெருசா எடுத்துக்கல."

மறுநாள் டாக்டர் மாலைக்கண் என்றார். மருந்து எழுதிவிட்டு, "பப்பாசி சாப்பிடுறதில்லையா?" என்று கேட்டார்.

"புள்ளத்தாச்சி பப்பாசி திங்கலாங்களா?" அக்கா மிரண்டுபோனாள்.

"சரி, கீரை?"

"கீர இருக்குதுங்க. கொஞ்சந்தான் வளருது, தம்பிக்குக் குடுத்திருவேன்." என்னைக் காட்டிப் பெருமையாகச் சொன்னாள்.

டாக்டரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். அப்படி அலைகிறவனாவது தன் வெண்ணெயை வைத்திருக்கிறான். நான் வைத்திருந்தது அவளுடையது. அவள் கண்ணுக்கு வேண்டியதை வாங்கிவந்து ஸ்பிரிட்டில் கரைத்தேன். ஸ்பிரிட்டின் நஞ்சு கலந்த அந்த மஞ்சள் ஒரு துளி வாயில் வைக்கக்கூட உதவாது.

மருந்தில் அவளுக்குக் கண் தெளிந்தது, பிள்ளையும் சுகமாகப் பிறந்தது. ஆனாலும் என் மனம் ஆறவில்லை. அடுத்த முறை போனபோது, "கீரையக் கட்டாதக்கா. இங்கயே ஆக்கு, சேர்ந்து சாப்பிடுவோம்" என்றேன். சந்தோஷமாக ஆக்கினாள். வழக்கம்போல ஆம்பிளைக்கு முதலில் என்று என்னை உட்காரவைத்துப் பரிமாறினாள். நான் கையால் மறிக்க மறிக்க, கீரைச் சட்டியை என் தட்டில் வழித்துப் போட்டுவிட்டு, வெறும் சோற்றோடு எதிரே உட்கார்ந்தாள்.