நான் ஐந்து இடங்களில் அடித்த வரி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மலேசியாவின் ஈப்போ நகரில், குனோங் ராபாட் பகுதியில், ஒரு பிஸ்கட் கடையின் மாடியில் சனிக்கிழமைப் பிற்பகல்களில் நான் வகுப்பு நடத்திவந்தேன். சீனப் பள்ளியில் படித்து, தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் எட்டுப் பேர் என் மாணவர்கள். இயந்திரக் கையேடுகளை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதவும், பிறர் எழுதியதைச் செப்பனிடவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். நான்கு மணிக்குக் கீழே அடுப்பிலிருந்து பிஸ்கட்டை இறக்குவார்கள். அதன் மணம் படியேறி வந்தபின் யாருக்கும் பாடத்தில் மனம் நிற்காது.

தமிழையும் ஆங்கிலத்தையும் முறையாகப் பயின்றவள் நான். கூறியது கூறல் குற்றம் என்பது இளமையிலேயே என்னுள் ஊறிப்போன பாடம். ஒரே வாக்கியம் ஒரு தாளில் இரண்டாம் முறை தென்பட்டால், என் சிவப்புப் பேனா தானாகவே அதன்மேல் போய் நிற்கும். அதே சமயம், செப்பனிடுவோர் எழுதியவரைக் கேட்காமல் எதையும் நீக்கக் கூடாது, ஐயம் எழுந்தால் ஓரத்தில் கேள்வியாக எழுத வேண்டும் என்பதே நான் நடத்திய முதல் பாடம். அந்தப் பாடத்தை மீறியவளும் நானே.

மாணவர்களுள் ஒருவர் ஐம்பதை நெருங்கியவர். ரப்பர்த் தோட்டம் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருந்த சீனரின் மகன். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். மரங்கள் வெட்டப்பட்டு அதே நிலத்தில் எழுந்த தொழிற்சாலையில்தான் அவருக்கு இயந்திரப் பராமரிப்பு வேலை. செருப்புக்கு அடிப்பாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையில், இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே ரப்பரைக் கொடுத்துப் பிசையும் இயந்திரம் ஒன்று உண்டு. பல நாட்டுத் தொழிலாளர் இருந்ததால், அதற்கு எளிய ஆங்கிலத்தில் ஒரு கையேடு எழுதும் பொறுப்பை அவருக்குத் தந்திருந்தார்கள்.

எழுதி முடித்து, பெருமிதத்தோடு வகுப்புக்குக் கொண்டுவந்தார். துடைப்பது, எண்ணெய் இடுவது, சிக்கிய ரப்பரை எடுப்பது என ஆறு வேலைகள். வேலைக்கு ஒரு பக்கம். ஆறு பக்கங்களின் தலைப்பிலும் ஒரே வரி: "மெயின் சுவிட்சை அணை, பூட்டுப் போடு, சாவியை உன் பையில் வை."

நான் அதை வகுப்புக்கு எடுத்துக்காட்டாக்கினேன். ஐந்து இடங்களில் அந்த வரியை அடித்து, முதற்பக்கத்தில் மட்டும் அழகாக ஒருமுறை நிறுத்தினேன். "உங்கள் தொழிலாளர்களுக்கு அவ்வளவு மறதியா?" என்று வேறு கேட்டேன். வகுப்பு சிரித்தது. மனைவியிடமும் இவர் எதையும் ஆறு முறைதான் சொல்வார் போலும் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேலி செய்தார். கையேடு எழுதியவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, என்னிடம் மட்டும் தமிழில், "இல்ல டீச்சர், அந்த ஆளுங்க மொதப் பக்கமெல்லாம்..." என்று தொடங்கினார். நான் கையை உயர்த்தி, கையேடு என்பது முதற்பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய நூல் என்றேன். சீனப் பள்ளியில் ஆசிரியரை மறுத்துப் பேசும் பழக்கம் இல்லை. "சரி டீச்சர்" என்று சொல்லி அமர்ந்தார். நான் அடித்தபடியே கையேடு அச்சாயிற்று.

நான்கைந்து மாதம் கழிந்திருக்கும். இரண்டு வாரம் வராதிருந்தவர், ஒரு சனிக்கிழமை வகுப்பு கலைந்தபின் மாடியேறி வந்தார். கையில் பிளாஸ்டிக் உறையிட்ட ஒற்றைத் தாள். நான் செப்பனிட்ட நான்காம் பக்கம், சிக்கிய ரப்பரை எடுப்பது பற்றியது. யாரும் கையேட்டைப் புத்தகமாக வைத்துக்கொள்வதில்லையாம். வேண்டிய பக்கத்தைக் கிழித்து, உறையிட்டு, அந்த வேலை நடக்கும் இடத்தில் இயந்திரத்தின்மேல் ஒட்டிவிடுவார்களாம். அன்று அவர் சொல்ல வந்து நான் தடுத்தது அதைத்தான்.

புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பெண் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து, அதில் இருந்தபடியே பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சிக்கிய ரப்பரை எடுக்கக் கையை உள்ளே விட்டிருக்கிறார். மறுபக்கம் நின்றவர் அறியாமல் இயக்கிவிட்டார். வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

வியாழக்கிழமை தொழிற்சாலையில் விசாரணை என்றார். அடித்தது நான்தான் என்று சொன்னீர்களா என்று கேட்டேன்.

"உங்கள எதுக்கு லா இழுக்கணும்? புக்குல என் பேருதான இருக்கு."

"நானே எழுதித் தருகிறேன்" என்று உறுதி கூறினேன்.

ஞாயிறன்றே கடிதத்தைத் தொடங்கினேன். தொடக்கம் நீண்டுவிட்டது, மாற்றினேன். ஓரிடத்தில் மன்றாடுவது போல் தொனித்தது, திருத்தினேன். புதனன்று முழுவதையும் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினேன். வெள்ளிக்கிழமை காலை நான் அதைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கொடுத்தபோது, விசாரணை முந்தின நாளே முடிந்துவிட்டது என்றார்கள். நேரில் போய் நான்கு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இல்லாமல் போகவில்லை. அச்சத்துக்குச் செப்பம் என்று நானே பெயர் சூட்டியிருந்தேன். அந்த மாணவரைப் பராமரிப்புப் பணியிலிருந்து நீக்கிப் பண்டகசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். என் கடிதத்தைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள், முடிவு மாறவில்லை.

அந்தப் பெண்ணையும் வீட்டில் போய்ப் பார்த்தேன். நான் செய்ததைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுக்கா. ஒவ்வொரு வரியா எழுத்துக்கூட்டிப் படிச்சேன். அதுல போட்டிருந்தத ஒண்ணு விடாம செஞ்சேன்லா" என்றார். அதன்பின் இடக்கையால் எனக்குத் தேநீர் எடுத்துவந்து வைத்தார். அதைக் குடித்து முடிக்க என்னால் இயலவில்லை.

அந்த மாணவர் பிறகு வகுப்புக்கு வரவில்லை. எப்போதாவது கீழே பிஸ்கட் வாங்க வரும்போது எதிர்ப்பட்டால், முன்போலவே "டீச்சர், சாப்டாச்சா?" என்பார். அந்த மரியாதையை ஏற்க எனக்குக் கூச்சமாக இருக்கும். இப்போதெல்லாம் மாணவர் தாளில் ஒரே வரி திரும்ப வந்தால், இதை யார், எங்கே நின்றுகொண்டு படிப்பார் என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். அந்தக் கேள்வியை நான் அன்று கேட்கவில்லை.

கடிதத்தின் படி ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவ்வப்போது எடுத்துப் படிக்கிறேன். அதில் நீக்குவதற்கு இன்றும் ஒரு சொல்கூட இல்லை, ஆனால் ஒரே ஒரு நாள் முன்னதாகப் பிழைகளோடு அதைக் கொடுத்திருக்கக் கூடாதா என்ற எண்ணத்தைத்தான் என்னால் அடிக்க முடியவில்லை.