உத்திராபதி வீட்டுச் சர்க்கரை

உத்திராபதிக்கு அண்ணாகிராமம் பக்கம் சொந்த ஊர். பலாப்பழம் ஏற்றி வந்து கடலூரில் சுளை விற்கிறவர், எனக்கு அடுத்த வீடு. நல்ல மனிதர்தான். ஆனால் பயம் வந்துவிட்டால் தெருவையே கூட்டிவிடுவார்.

மூத்தவள் இலக்கியாவுக்கு டைப் ஒன் சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை, தினமும் ஊசிதான். தம்பிக்கும் வரலாம், ரொம்பத் தாகம் எடுத்தால் உடனே பாருங்கள் என்று சிதம்பரத்தில் டாக்டர் சொல்லியிருந்தார். அதிலிருந்து சின்னவன் கார்த்திகேசன் சொம்பைத் தொட்டாலே உத்திராபதி எத்தனையாவது சொம்பு என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்.

கத்திரி வெயிலில் எந்தப் பிள்ளைதான் தண்ணீர் குடிக்காது? அன்று பையன் சுளை உரித்துக்கொண்டே சொம்பு சொம்பாகக் கவிழ்த்தான். மனிதர் மகள் சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்துவிட்டார். பலாப் பிசின் தண்ணீரில் போகாது என்று பையன் கையில் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்தார். அவருக்கு அதுதான் சுத்தம். விரலைக் குத்தினார். நானூற்றுப் பத்து.

"ஐயோ, எம் புள்ள!"

போட்ட சத்தத்தில் மனைவி ராஜாமணி பிசின் கையோடு ஓடிவந்தாள். ஊசியை மாற்றி அவளையும் குத்தினார். முந்நூற்று எண்பது. அவருக்கே ஐந்நூறைத் தாண்டியது. சுளை தின்றுகொண்டிருந்த என்னையும் விடவில்லை.

"மச்சான், கையக் குடு."

"எனக்கு எதுக்குய்யா?"

"எல்லாருக்கும் பரவியிருக்குது மச்சான்!"

அது பரவுகிற நோயா என்ன? எனக்குத் தெரியும். ஆனால் நானூற்று நாற்பது என்று பார்த்ததும் நானும் பயந்துவிட்டேன். தாகம்கூட எடுத்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லிவிட்டு நாலு பேரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். கார்த்திகேசன் மட்டும் இன்னொரு சுளையை வாயில் போட்டான்.

டியூஷன் முடிந்து இலக்கியா வந்தாள்.

"எல்லாருக்கும் வந்துடுச்சும்மா" என்று உத்திராபதி அழுதார்.

"நீங்களுமா மாமா?" என்று என்னைப் பார்த்தாள். வழக்கம்போல் சோப்புப் போட்டுக் கை கழுவி, தன் விரலைக் குத்தினாள். நூற்றுப் பதினெட்டு. வீட்டிலேயே ஆரோக்கியமான ஆள் அவள்தான்! பிறகு எங்கள் கைகளைக் கவனித்தாள்.

"அப்பா, நீ பலாப்பழத்துக்கு சுகர் பாத்திருக்க. எல்லாரும் போயி சோப்பு போட்டுக் கழுவுங்க."

கழுவிவிட்டுப் பார்த்தோம். தம்பிக்கு நூற்றுப் பத்து. எங்களுக்கும் ஒன்றுமில்லை. உத்திராபதி மகனைத் தூக்கிச் சுற்றினார். வந்த ஆட்டோக்காரருக்குச் சுளை கொடுத்து அனுப்பினார். நாங்கள் சிரித்து ஓயவில்லை. இலக்கியா மட்டும் தன் இன்சுலின் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் வந்துடுச்சுன்னு நீ சொன்னப்ப, ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சுப்பா."

 

இப்போதெல்லாம் காலையில் உத்திராபதி சோப்புப் போட்டுக் கை கழுவி வந்து மகள் பக்கத்தில் உட்காருகிறார். "மொதல்ல எனக்குப் பாரும்மா" என்று விரலை நீட்டுகிறார். அவருக்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் குத்துகிறாள்.