உலை போன இடமே ஊர்

"அம்மணி, சடையன் பெண்சாதி. வீட்டோடு இருப்பவள். தொழில் இல்லை. வெளிநடமாட்டம் இல்லை."

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கோட்டை கட்டி, துணி வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஏரிக்கரைக் குடிசைகளை எட்டிப் பார்த்து ஒரு கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டு போன விவரம் இது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டார், சடையன் சொன்னான். பெண்சாதி வீட்டோடு இருக்கிறாள் என்று சொல்வது அன்றைக்கு ஓர் ஆணுக்குக் கௌரவம். அந்தக் கௌரவத்தைச் சொன்னபோது சடையன் அடுப்பில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தான். வீட்டோடு இருப்பவளைக் கூப்பிடு பார்க்கலாம் என்று கணக்குப்பிள்ளை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளைப் பார்க்க இரண்டு ஆறு தாண்டிப் போயிருக்க வேண்டும்.

அடைமழைக் காலம் போக மீதி வருஷம் முழுக்க அம்மணி வழியில்தான் இருந்தாள். ஏரியில் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். இறாலுக்குக் கை போதும், கால் சும்மா இருக்கிறதே என்று நினைத்தாளோ என்னவோ, சுமைக்காரர்களோடு நடக்கத் தொடங்கினாள். அந்தக் கூட்டம் பழவேற்காட்டிலிருந்து பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மேற்கே நெசவு ஊர்களுக்குப் போகும். திரும்புகையில் கோட்டைக்குத் துணி மூட்டை கொண்டுவரும். அவர்களுக்கு உலை வைப்பது அம்மணியின் வேலை.

உலை வைப்பது என்றால் சோறாக்குவது என்று வீட்டில் இருப்பவர்கள் நினைப்பார்கள். வழியில் அது வேறு. முதலில் நெருப்பு. சக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தட்டிப் பஞ்சு பற்றுவதற்குள் பசியே செத்துப்போகும் என்பதால், வறட்டித் துண்டைச் சாம்பலுக்குள் புதைத்த தணல் சட்டி ஒன்றை அவள் கையிலேயே தூக்கி நடந்தாள். அது அணையாமல் இருக்க அவ்வப்போது ஊத வேண்டும். ரொம்ப ஊதினாலும் எரிந்து தீர்ந்துவிடும். அடுத்தது தண்ணீர். எந்த ஊர்க் கிணற்றில் இவர்களை இறங்க விடுவார்கள், எந்த ஊரில் நாயை அவிழ்த்து விடுவார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். எறும்புப் புற்று இல்லாத தரை, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்கிற ஊகம், துணி மூட்டைக்கு அடியில் போடப் பனையோலை, காலில் வெடிப்பு வந்தவனுக்கு விளக்கெண்ணெய், விடிவதற்கு முன் ஒரு பெண்பிள்ளை ஒதுங்கிவர ஒரு புதர். இந்தக் கடைசி விஷயத்தை ஆண்கள் யாரும் யோசித்ததே இல்லை. அவள் சொன்னதும் இல்லை. ஆனால் இடம் தேடும்போது அவள் கண் முதலில் புதரைத்தான் பார்க்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய கஷ்டம் பேச்சு. பொழுது சாய்ந்தால் போதும், எங்கே தங்குவது என்று தகராறு ஆரம்பமாகும். ஒருவனுக்கு மரநிழல் வேண்டும். சூரியன் போன பிறகு நிழல் எதற்கு என்று இன்னொருவன் கேட்பான். தருமன் என்றொருவன், அடுத்த ஊரில் மச்சான் இருக்கிறான் என்பான். தருமனுக்கு எல்லா அடுத்த ஊரிலும் மச்சான் இருந்தான். தகராறு முடிவதற்குள் இருட்டிவிடும், கடைசியில் நின்ற இடத்திலேயே எல்லாரும் பட்டினியாகப் படுப்பார்கள்.

அம்மணி இதற்கு ஒரு சட்டம் போட்டாள். அவள் மூன்று கல்லை வைத்து, உலை கொதிவந்துவிட்டால், அந்த இடம் விடியும் வரைக்கும் ஊர். ஊரைவிட்டு யாரும் எழுந்து போகக் கூடாது. பெருமாள் என்பவன் ஒருமுறை போய்ப் பார்த்தான். இதைவிட மெத்தென்ற புல்தரை அங்கே இருக்கிறது என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனவன், களி வாசனை வந்ததும் திரும்பி வந்தான்.

"நீ யாரு நைனா?" என்று கேட்டாள் அம்மணி.

"இன்னாக்கா, என்னைத் தெரியலையா? பெருமாளு."

"எங்க ஊரு பெருமாளு எழுந்து போய்ட்டான். நீ வேற ஊருக்காரன் போலக்கீது. வேற ஊருக்காரனுக்கு எங்கூர்ல களி கெடையாது. உங்கூர்ல உலை வச்சிருப்பாங்க, போய்த் துன்னு."

அதற்குப் பிறகு யாரும் எழுந்ததில்லை. ஒருமுறை ஆலங்கட்டி மழை பெய்தபோதுகூட எல்லாரும் தலையில் ஓலையைக் கவிழ்த்துக்கொண்டு ஊரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இப்படி நடந்துகொண்டிருந்த கூட்டத்துக்குப் புதுத் தலைவனாகச் சிங்காரம் வந்தான். பொன்னேரிப் பக்கத்து நெல்வயல்காரன். மரியாதை தெரிந்தவன், அதனாலேயே அவனோடு சண்டை போடுவது கஷ்டம். வழியில் சாவடிகள் இருக்கும்போது உலைப்பானையும் தணல் சட்டியும் சுமந்து நடப்பது வீண் என்பது அவன் கட்சி. சாவடிச் சாவடியாகச் சாப்பிட்டுக்கொண்டு போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம். எந்தச் சாவடியில் இத்தனை பேருக்கு அடுப்பு எரியும் என்பதை அவன் இன்னும் யோசிக்கவில்லை. சித்திரை மாதத்தில் துணி மூட்டையோடு திரும்பும்போது அம்மணியிடம் சொல்லிவிட்டான்.

"யக்கா, இந்த நடையோட போதும். இனிமே எங்க தங்கறதுன்னு நான் பாத்துக்கறேன். நீ வீட்ல போய் நிம்மதியா குந்து."

"வீட்லயா? அங்க எனக்கு இன்னா வேலை? அவரு நல்லாத்தான் சமைக்கறாரு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று நடக்கும்போது தணல் சட்டியைத் தேவைக்கு மேல் ஊதினாள். வீட்டில் உட்கார்ந்தால் தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும்.

மறுநாள் பொழுது சாய்கிற வேளையில் ஆரணியாற்றுக்கு வந்தார்கள். பொன்னேரி இன்னும் கிழக்கே இருந்தது. ஆறு என்று பெயர்தான். கோடையில் அது அகலமான வெள்ளை மணல். சிங்காரம் கரைமேல் இருந்த பனந்தோப்பைக் காட்டினான்.

"இங்க தங்கலாம்."

அம்மணி மணலைப் பார்த்தாள். சுத்தமான மணல். எறும்பு இல்லை, முள் இல்லை, நடுவில் ஒரு நாணல் புதர்கூட இருந்தது.

"இத்தனாம்பெரிய திட்டு கீழ கெடக்குது, மேல போய் பனங்கருக்குல படுக்கணுமா?"

திட்டு என்பது ஏரிக்காரர்களின் சொல். ஏரிக்கு நடுவே தண்ணீருக்கு மேலே நிற்கிற மணல்மேடு. ஏரியில் சேறு இருந்தால் பள்ளம், மணல் இருந்தால் மேடு. வெள்ளம் வந்தால் திட்டுக்கு ஓடு என்று அங்கே பால்குடி மறப்பதற்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆற்றிலோ மணல் என்பது தண்ணீர் நடக்கிற பாதை. இதை ஏரிக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏரியில் அதற்குத் தேவையும் இல்லை.

"யக்கா, இது திட்டு இல்லே, ஆறு," என்றான் சிங்காரம். "ஆத்துக்குள்ள யாராச்சும் படுப்பாங்களா?"

"ஆறா? எங்கக்கீது? காட்டு, கால் கழுவிக்கறேன்."

இந்தப் பதிலுக்குக் கூட்டம் முழுக்கச் சிரித்தது. எல்லாரும் ஏரிக்கரைக்காரர்கள். மணலைப் பார்த்ததும் அவர்கள் முதுகுகள் தாமாகவே இறங்கிவிட்டன. பொதிமாடுகள் மட்டும் இறங்க மறுத்தன. மாட்டுக்கு என்ன தெரியும் என்று அவற்றைக் கரையில் பனைமரங்களில் கட்டிவிட்டு, மூட்டைகளைத் தலையில் தூக்கி இறக்கினார்கள். அம்மணி மூன்று கல் வைத்தாள். மணலில் கையளவு தோண்டி ஊற்று எடுத்தாள். தித்திப்பான தண்ணீர். தான் ஜெயித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. சிங்காரம் கரையில் கொஞ்ச நேரம் தனியாக நின்றான். ஒருவரும் அவன் பக்கம் போகவில்லை. தலைவன் மட்டும் தனியாகத் தங்குவது நன்றாக இராது என்று அவனும் இறங்கி வந்தான்.

உலை கொதிவந்தது. தருமன் காலை நீட்டி, "ஊரு வந்துடுச்சு," என்றான். கேழ்வரகு மாவைக் கரைக்க அம்மணி மறுபடி ஊற்றுக்குப் போனாள். ஊற்றின் விளிம்பில் அவள் வைத்துவிட்டுப் போன கொட்டாங்கச்சி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் குழியை நிரப்பி வெளியே வழியத் தொடங்கியிருந்தது. கலங்கலாகவும் இருந்தது.

ஏத்தம் வருது என்றுதான் முதலில் நினைத்தாள். கடல் பொங்கினால் முகத்துவாரம் வழியாக ஏரியில் தண்ணீர் ஏறும், அதற்கு ஏத்தம் என்று பெயர். அது தினமும் வரும், தினமும் போகும். அவள் கொட்டாங்கச்சியை எடுக்கக் குனிந்தாள். குனிந்தபடியே நின்றாள். கடல் எங்கேயோ கிழக்கே இருக்கிறது. இந்தத் தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது. மேற்கே மலைகளுக்கு மேல் வானம் கருத்து மின்னிக்கொண்டிருந்தது. அதை எல்லாரும் பார்த்திருந்தார்கள், நம் தலைக்கு மேல் நட்சத்திரம் இருக்கிறது என்று விட்டிருந்தார்கள்.

அவள் திரும்பி வந்து, "எழுந்திருங்கடா, மேல போலாம்," என்றாள்.

ஒருவனும் எழவில்லை. தருமன் படுத்தவாக்கிலேயே கேட்டான்.

"இன்னாக்கா, எங்கள சோதிக்கிறியா? எழுந்தா வேற ஊருக்காரன்னு சொல்லுவே. களி போச்சு."

"தண்ணி வருதுடா."

"ஆலங்கட்டி வந்தப்போவே எழல. தண்ணிக்கா எழப்போறோம்?" என்றான் பெருமாள். அவன் குரலில் திருந்தியவனின் பெருமை இருந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே, எழுந்திருங்கப்பா!" என்று சிங்காரமும் கத்தினான். அது இன்னும் மோசமாகப் போயிற்று. தலைவன் பேச்சைக் கேட்டு ஊரைக் கலைத்தார்கள் என்ற பெயர் வரக் கூடாது என்று, எழலாமா என்று முழங்கையை ஊன்றியிருந்த இரண்டு பேர் மறுபடி படுத்துவிட்டார்கள்.

சட்டம் அவ்வளவு நன்றாக வேலை செய்தது. அவள் போட்ட முடிச்சு அவளுக்கே அவிழவில்லை. விளக்கிச் சொன்னால் தகராறு ஆரம்பமாகும், தகராறு முடிவதற்குள் ஆறு வந்துவிடும். சட்டம் தப்பு, இடம் தப்பு, சிங்காரம் சொன்னதே சரி என்று கையெடுத்துக் கும்பிட்டால் ஒருவேளை எழுவார்கள். எப்படிப் போனாலும் கரை ஏறினால் ஏறின இடம் சிங்காரத்தின் இடம். அடுத்த நடையிலிருந்து அவள் வீட்டோடு இருப்பவள், தொழில் இல்லாதவள்.

அம்மணி ஒரு கோணியை ஊற்றில் முக்கி நாலாக மடித்துத் தலையில் போட்டாள். முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு, கொதித்துக்கொண்டிருந்த உலைப்பானையைக் கல்லிலிருந்து தூக்கினாள். ஈரக் கோணியில் பானை உட்கார்ந்ததும் அவள் தலையிலிருந்து ஆவி கிளம்பியது.

"இன்னாக்கா பண்றே?" தருமன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"உலை கொதிக்கற எடம் ஊருன்னு சொன்னேனா இல்லியா? கொதிக்குது பாரு. ஊரு நடக்குது. வர்றவன் வா. இங்கியே படுக்கறவன் வேற ஊருக்காரன்." அப்புறம் திரும்பாமலே, "சிங்காரம், தணல் சட்டிய எடு நைனா. அணைய வுடாதே, ஊதிகினே வா," என்றாள்.

சிங்காரம் எடுத்தான். ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. குனிந்து ஊதிக்கொண்டே அவள் பின்னால் நடந்தான். அவனுக்குப் பின்னால் பெருமாள் மூட்டையோடு ஓடினான். ஒருமுறை பட்டினி கிடந்தவன் அவன். அப்புறம் எல்லாரும். சட்டத்துக்காக நடந்தார்களா, களிக்காக நடந்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூட்டை இல்லாமல் ஒருவனும் ஊர் மாறவில்லை. தருமன் பாயை மறந்து, திரும்பிப் போக நினைத்து, மணலில் கணுக்கால் நனைந்ததும் மச்சான் வீடு ஞாபகம் வந்தவன்போலக் கரைக்குப் பாய்ந்தான்.

கரை ஏறுகிற இடம் சரிவு. பானை அலம்பி, வெந்நீர் அம்மணியின் தோளில் வழிந்தது. அவள் கத்தவில்லை. கெட்ட வார்த்தை சொன்னாள், ஆனால் நடையை நிறுத்தவில்லை. பனந்தோப்பில் மாடுகளுக்குப் பக்கத்தில் பானையை இறக்கி, தோளை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, கல் தேடி வைக்கச் சொன்னாள்.

சிங்காரத்துக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சாம்பல்.

"கடைசில நான் சொன்ன எடத்துக்கே வந்துட்டியேக்கா."

"நீ சொன்ன எடமா? சொன்னே. ஒத்துக்கறேன். சரியாவும் சொன்னே. சொல்லி இன்னா ஆச்சு? ஒருத்தனாச்சும் எழுந்தானா?"

அவன் முகத்துச் சாம்பலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஆறு வந்தது. பெரிய சத்தம் இல்லை. யாரோ நீளமாகப் பாய் விரிப்பதுபோல ஓர் ஓசை. அவர்கள் படுத்திருந்த வெள்ளை மணல் பழுப்பாகியது. மூன்று கல்லும் போயின. நாணல் புதர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது. தருமனின் பாய் பழவேற்காட்டுக்கு அவர்களுக்கு முன்னால் புறப்பட்டுப் போயிற்று.

எல்லாரும் கரை விளிம்பில் நின்று பார்த்தார்கள். பிறகு பெருமாள் மெதுவாக, "இப்போ நாம எந்த ஊருக்காரங்கக்கா?" என்று கேட்டான். சிரித்துச் சிரித்து ஒருவனுக்கு விக்கலே வந்துவிட்டது.

களிக்கு மாவு போதவில்லை, பாதி மாவு கீழே ஊற்றங்கரையோடு ஆற்றில் போயிருந்தது. இருந்ததைத் தளர்வாகக் கிண்டி, கூனிக் கருவாட்டைச் சுட்டு மேலே நொறுக்கிப் போட்டாள். சிங்காரம் இரண்டாம் தரம் இலையை நீட்டினான். நீட்டியவன், அடுத்த நடைக்குக் கிளம்புகிற நாளில் சாவடியைப் பற்றிப் பேசவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "தணல் சட்டிய நானே தூக்கட்டாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"தூக்கு. ஆனா ரொம்ப ஊதாதே," என்றாள் அம்மணி.

அவள் தன் தப்பை மறைக்கவில்லை. மணலைப் பார்த்து ஏமாந்த கதையை அவளே எல்லா அடுப்படியிலும் சொன்னாள். சொல்லும்போது தோள் தழும்பைக் காட்டுவாள், ஏதோ கோட்டை கொடுத்த பதக்கம்போல. அதற்குப் பிறகும் பல வருஷம் நடந்தாள். ஆற்றைக் கண்டால் மாடு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கல் வைத்தாள். கணக்குப்பிள்ளையின் விவரத்தை யாரும் திருத்தவில்லை. சடையனும் திருத்தச் சொல்லவில்லை, அவனுக்கு அவன் கௌரவம்.

அம்மணி, சடையன் பெண்சாதி, தப்பான இடத்தில் தான் வைத்த உலையைக் கொதிக்கக் கொதிக்கத் தன் தலையில் தூக்கிக் கரையில் ஏற்றி வைத்தாள். கூட வந்தவர்கள் அத்தனை பேரும் அன்று சூடாகச் சாப்பிட்டார்கள்.