நைனாவும் என் கிரீஸ் வண்டியும்

பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திய நாளிலிருந்து என் அப்பா வாசல் வழியாக வருவதையே விட்டுவிட்டார். எங்கள் பழவேற்காட்டுப் பக்கம் அப்பாவை நைனா என்போம். நைனா பின்பக்கமாக, கோழிக்கூண்டைத் தாண்டி, கருவாடு காயும் கொடியில் தலையை இடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். ஏன் என்று கேட்டால், "முன்னாடி உன் பொண்டாட்டி கோலம் போட்டிருக்கா, மிதிக்கக் கூடாது" என்பார். சாயங்காலம் ஆறு மணிக்குமா கோலம்?

கோபம் வண்டி மேல். ஏரிக்கு மீன் பிடிக்கப் போக வேண்டிய மகன், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறேன் என்று பழைய இரும்பை வாங்கி வந்திருக்கிறான். பொன்னேரிப் பக்கம் இப்போது பழைய அம்பாசடரில் சாய்ந்து நின்று படம் எடுத்தால்தான் தாலியே செல்லும் என்கிற நிலைமை. இதை அவருக்கு எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "ஒரு ரவுண்டு வா நைனா" என்று கெஞ்சியும் பார்த்தேன். "அதுல ஏறுனா எனக்கு வாந்தி வரும்" என்றார். காலமெல்லாம் படகில் ஆடிய மனுஷன் சொல்கிற சொல்லா இது! தெருவே வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போன வண்டி. இவர் ஏற வேண்டாம், கையால் ஒரு முறை தொட்டால் போதும் என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். அதை வாய்விட்டு என் மனைவியிடம் தினமும் புலம்பவும் செய்தேன்.

வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கப் பொன்னேரியில் ஒரு பெயிண்டரைப் பிடித்தேன். வந்து பார்த்தவர் ஒன்றுதான் சொன்னார். "அண்ணே, கிரீஸ் ஒரு பொட்டு இருந்தாலும் பெயிண்ட் நிக்காது, உரிஞ்சிக்கினு வந்துரும். சுத்தமா கழுவி, தகரம் தெரிய தேச்சி வை. அப்பால நான் வர்றேன்."

சொல்வது சுலபம். வண்டி அதற்கு முன் திருப்பாலைவனத்தில் ஒரு ரைஸ் மில்லில் இருந்தது. அங்கே யாரோ ஒரு புண்ணியவான் இடுக்கு கண்ட இடமெல்லாம் கிரீஸை அப்பியிருக்கிறார். கதவுக் கீல், பானெட், டிக்கி, ஹாரன் கூட பாக்கியில்லை. அதன் மேல் உமி பறந்து ஒட்டி, மேலே மறுபடி கிரீஸ், மறுபடி உமி. சுரண்டினால் அடை அடையாக வந்தது. ஒரு அடைக்குள் பாக்குவெட்டி இருந்தது. இன்னொன்றில் ஒரு பல்லி, பாவம், ஓடுகிற வாக்கிலேயே இருந்தது.

டீசலில் ஊறவைத்து, கிழிந்த நைலான் வலையைப் பந்தாகச் சுருட்டித் தேய்த்தேன். அதற்கு மிஞ்சின பிரஷ் கடையில் கிடையாது. வலை நுழையாத இடுக்குக்கு, என் மனைவி மீன் ஆயும் கத்தியை அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன். தெரிந்துவிட்டது. "நாளைக்கு கொழம்புல டீசல் மெதக்கட்டும். மொதல்ல உனக்குத்தான் ஊத்துவேன்" என்றாள். என்னையும் வீட்டுக்குள் விடவில்லை. டீக்கடையில் கண்ணாடி கிளாஸைத் தராமல் காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

கடைசியில் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து முடித்தபோது வண்டி உரித்த இறால் மாதிரி வெளுப்பாக நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் காலையில் பெயிண்டரைக் கூட்டி வரப் பைக்கை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனேன்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே பூனைகள். எல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் வண்டி பளபளவென்று மின்னியது. பானெட் மேல் நாலைந்து பூனைகள் உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தன. கூரை மேல் காக்கைகள். பக்கத்தில் நைனா, முழங்கை வரை எண்ணெய் வழிய, தேங்காய் நார் பிரஷும் டின்னுமாக நின்றார்.

எங்கள் ஊரில் மரப்படகை உப்பு தின்னாமல் இருக்க மீனெண்ணெய் பூசுவது வழக்கம். மத்தித் தலைகளைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய். அதைத்தான் மனுஷன் என் வண்டி முழுக்கப் பூசியிருந்தார்.

பெயிண்டர் இறங்கி, ஒரு விரலால் தொட்டு, மோந்து பார்த்தார். "இன்னாண்ணே, வண்டியை வறுக்கப் போறியா?"

"பச்சைத் தகரத்தை உப்புக் காத்துல அம்போன்னு வுட்டுட்டுப் போயிருக்கான்" என்றார் நைனா அவரிடம். "சாயங்காலத்துக்குள்ள துரு ஏறிடாது? அதான் மூணு கோட்டு போட்டேன்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "உன்னை யாரு நைனா கேட்டா? முதுகு ஒடிய எண்ணெய எடுத்தா, திரும்ப எண்ணெய ஊத்தி வெச்சிருக்கியே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அவர் டின்னை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

என் மனைவி பெயிண்டரை உட்காரவைத்து இறால் தொக்கும் சோறும் போட்டாள். அவர் சமாதானமானதும் என் பக்கம் திரும்பினாள். "தொட மாட்டேன்றாரு, தொட மாட்டேன்றாருன்னு என் உசிர வாங்குன. இன்னிக்கு தொட்டாரு. அதுக்கும் கத்துற. அது அவரு படகுக்குன்னு வெச்சிருந்த எண்ணெ, தெரியுமா?"

தெரியாது. அசிங்கமாக இருந்தது எனக்கு.

பெயிண்டரைக் கேட்டேன், "அடிப்பக்கம் பெயிண்ட் அடிக்கணுமா?"

"அடியில யாருண்ணே பாக்கப் போறா? அங்க எண்ணெ இருந்தா நல்லதுதான்."

கொல்லையில் நைனா வலையை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியைக் கையில் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன். "நைனா, அடிப்பக்கம் வுட்டுட்டியே. உப்புத்தண்ணி தெறிக்கிறது அங்கதான்."

நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாதா? அதுக்குள்ள வந்து கத்துன."

"எண்ணெ மீதி இருக்கா?"

"டின்னுல கொஞ்சம் இருக்குது."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து உள்ளே போனார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. பூனைகளும் பின்னாடியே போயின. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செல்போன் லைட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பிரஷ் ஓடும் சத்தம் கேட்டது, அப்புறம் நின்றது.

"டேய், இங்க பாரு. இவ்ளோ கிரீஸ் இருக்குது. இன்னாத்த கழுவுன நீ? அந்தக் கத்திய எடுத்துக்கினு வா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எங்க நைனா?" என்று கேட்டுக்கொண்டே நானும் தரையில் படுத்து அவர் பக்கத்தில் நகர்ந்து போனேன்.