டீச்சர் வீட்டுக் குழி பெட்ஷீட்

மேலே விரலை ஓட்டினால் சின்னச் சின்னச் சதுரக் குழிகளில் இறங்கி ஏறும். தேனடை போல நெய்த அந்த வெள்ளைப் பருத்தி விரிப்புக்கு எங்கள் வீட்டில் "குழி பெட்ஷீட்" என்று பேர். அது எங்களுடையது அல்ல. எதிர்வீட்டு லில்லி டீச்சருக்குக் கல்யாணத்தின்போது அவருடைய அண்ணன் மைசூரிலிருந்து வாங்கிவந்து கொடுத்தது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டு, காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், புளி உலுக்க மரமேறிய அப்பா கிளை முறிந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, கோடை முழுக்க அசையாமல் படுத்திருக்க வேண்டியதாயிற்று. ரெக்சின் மெத்தையில் வேர்த்து வேர்த்து முதுகுத்தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. காற்றுப் புகுகிற பருத்தித் துணியாகப் போடுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதைக் கேள்விப்பட்டு, அன்று மாலையே டீச்சர் அந்த விரிப்பை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். வாசலில்தான். அவர்கள் வீட்டில் நாங்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை, அவர்களும் எங்கள் வாசற்படியைத் தாண்டியதில்லை. அதற்குச் சாதியைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

"அவங்க வூட்டுத் துணி நமக்கெதுக்கு? திருப்பிக் குடுத்துடு" என்று உள்ளேயிருந்து அப்பா சொன்னது வாசல்வரை கேட்டது. அம்மா தலைகுனிந்து நின்றாள். டீச்சரோ குரலை உயர்த்தாமல், "மொதல்ல புண்ணு ஆறட்டும்ங்க. மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி விரிப்பை அம்மாவின் கையில் வைத்தார். அப்பாவின் முனகலைக் கேட்டு நாள்கணக்காகத் தூங்காதிருந்த அம்மா, முதன்முறையாக அவர் பேச்சைத் தட்டி, "நீங்க சும்மா படுங்க" என்று விரித்தே விட்டாள்.

"கல்லுல அடிக்காதீங்க, பிரஷ் போடாதீங்க, முறுக்கிப் பிழியாதீங்க, நூலு இழுத்துக்கும்" என்று டீச்சர் சொல்லியிருந்ததை அம்மா ஒருநாளும் மீறவில்லை. ரத்தக்கறையைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, நூலில் மாட்டுமென்று வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, சோப்பு நுரையில் அமுக்கி அமுக்கி அலசுவாள். நனைந்து கனத்த துணி கொடியில் தொங்கினால் கோணிப்போகும் என்பதால் வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டில்மேல் பரப்பிவிடுவாள். கோழியும் ஆட்டுக்குட்டியும் அதில் ஏறாமல் காவல் காப்பது என் வேலை. காயும்வரை அப்பாவுக்குக் கீழே அம்மாவின் பழைய நூல் சேலை; அது சுருண்டு சுருண்டு புண்ணை உறுத்தும். இஸ்திரி மட்டும் கூடாது, குழி அமுங்கிவிடும்.

மெல்ல மெல்லப் புண் வற்றியது. ஒருநாள் ஒருக்களித்துப் படுக்கவைத்தபோது, ஆறிய முதுகில் கட்டம் கட்டமாக விரிப்பின் தடம் மட்டும் இருந்ததைப் பார்த்து அம்மா அழுதுவிட்டாள்.

கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியதும், தன் துண்டைக்கூட அலசியறியாத அப்பா, "நானே தொவைக்கறேன்" என்று குண்டானைக் கொண்டுவரச் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளங்கை வெடிப்பில் நூல் மாட்டுமோ என்று பயந்து, புறங்கையால் அமுக்கி அமுக்கித் துவைத்தார்.

மறுநாள் மூவரும் எதிர்வீட்டுக்குப் போனோம். புண்ணில் பட்ட துணியை இனி டீச்சர் தொடுவாரோ மாட்டாரோ என்று அம்மா சந்தையில் புதுப் போர்வை ஒன்றும் வாங்கிவைத்திருந்தாள். டீச்சர் புதியதைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டு, பழையதை அப்போதே தன் கட்டிலில் விரித்து, "ஒக்காருங்க, நின்னா இடுப்பு வலிக்கும்" என்றார். அப்பா உட்கார்ந்தார். கோலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க, டீச்சர்" என்றார்.

இன்று அப்பா இல்லை. துவைத்துத் துவைத்து நைந்த அந்த விரிப்பும் இல்லை. ஊரே மாறிவிட்டதென்று சொல்லத் துணியமாட்டேன். எங்கள் இரு வாசல்களுக்கு நடுவே இருந்தது மட்டும் அன்றோடு ஒழிந்தது. போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சலென்று ஓசூரிலிருந்து பதறி ஓடிவந்தேன். எங்கள் அடுப்படியில் டீச்சர் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "வந்துட்டியா? கைகால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றார்.